இருபத்தேழாம் நம்பரின் குரல்

ஞாயிறு. காலை ஒன்பது ஐம்பது. காவிரிப் பாலம். ஸ்கூட்டரை முறுக்குகிறேன். பின்னால் பஸ் ஹாரன். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு.

"ஏம்மா, ஓரமாப் போங்க!"

கண்டக்டர் படியில் தொங்கியபடி கத்துகிறார். நான் ஓரமாகப் போகவில்லை. ஸ்ரீரங்கத்துக்குப் போயாக வேண்டும். வைதேகியை நேரில் பார்த்துக் கேட்க வேண்டும். நூர்ஜஹான் உயிரோடு இருக்கிறாளா?

இதை எழுதுபவள் கலைச்செல்வி. தென்னூர். வயது ஐம்பத்து மூன்று. கல்லூரியில் என் ரோல் நம்பர் பதினெட்டு, நூர்ஜஹானுக்கு இருபத்தேழு. வைதேகி, நூர்ஜஹான், நான். மூன்று வருஷம் ஒரே பெஞ்ச். கிளாஸில் முப்பத்தெட்டுப் பெண்கள். வைதேகிக்கு முப்பத்தெட்டுக் குரலும் வரும். யார் வராவிட்டாலும் தலையைக் குனிந்துகொண்டு "யெஸ் மேம்" என்பாள். மேடம் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். நூருக்கு அவள் கொடுத்த ப்ராக்ஸிக்கு அளவே கிடையாது.

கொரோனாவின் இரண்டாவது அலையில் அடி விழுந்தது. ஒரே மே மாதம். கிளாஸில் நான்கு பேர் போனார்கள். தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் ஓயவில்லை. எங்கள் கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் 'டிங்' என்றால் அடுத்து யாரோ என்று தோன்றும். போனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தேன். அப்படியும் கேட்டது. அந்த நால்வரில் கோகிலா போனது எங்களுக்குப் பதினொரு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை அவள் போனிலிருந்து தினமும் கும்பிடு பொம்மை வந்துகொண்டிருந்தது. அனுப்பியது அவள் வீட்டுக்காரர். விஷயத்தை டைப் அடிக்கக் கை வரவில்லையாம். பாவம், அந்த மனுஷனைத் திட்டவும் முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் ஞாயிறு அட்டெண்டன்ஸ் ஆரம்பித்தோம். கைலாசபுரம் சுமதிதான் அன்றும் இன்றும் கிளாஸ் ரெப். காலை ஒன்பது மணிக்கு நம்பர் கூப்பிடுவாள். ஒவ்வொருவரும் சொந்தக் குரலில் "யெஸ் மேம்" என்று பேசி அனுப்ப வேண்டும். டைப் அடித்தால் செல்லாது. பொம்மை செல்லவே செல்லாது. மாலை ஆறுக்குள் குரல் வராவிட்டால் பக்கத்தில் இருப்பவர் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும். குரல்தான் வேண்டும் என்று அடம் பிடித்தவள் நான். எனக்குச் சந்தேகப் புத்தி. பால் பாக்கெட்டையே மூன்று முறை முகர்ந்து பார்ப்பவள்.

நூர்மேல் சந்தேகம் வந்தது என் மகள் கல்யாணத்தால். பத்திரிகை கொடுக்கப் பெரிய கடைவீதிக்குப் பின்னால் இருக்கிற அவள் வீட்டுக்குப் போனேன். பூட்டு. பக்கத்து வீட்டில் விசாரித்தேன். "ஊருக்குப் போயிருக்காங்க." சொன்ன அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. போன் அடித்தேன். எடுக்கவில்லை. ஆனால் ஞாயிறானால் "யெஸ் மேம்" மட்டும் டாண் என்று வருகிறது. வியாழக்கிழமை கல்யாணம். அவள் வரவில்லை. பந்தியில் வைத்தே சொன்னேன். மகன் துபாய்க்குப் போனதும் நூர் மாறிட்டா. பக்கத்து இலையில் வைதேகி. சாப்பிடாமல் எழுந்து போனாள். அதையும் சந்தேகமாகத்தான் பார்த்தேன்.

இன்று காலை ஒன்பது ஏழு. நூரின் குரல் வந்தது. மறுபடி போட்டேன். காதோடு ஒட்டிவைத்து மூன்றாவது முறை. மேலே சின்ன அம்புக்குறி. வேறு யாரோ அனுப்பியதை எடுத்து ஃபார்வர்ட் செய்தால்தான் அது வரும். தன் குரலை ஒருத்தி ஏன் ஃபார்வர்ட் செய்ய வேண்டும்? பின்னணியில் கனமான மணி. கிணுங், கிணுங். கோயில் யானை வீதியில் நடந்தால் கேட்கும் மணி. பெரிய கடைவீதியில் ஏது யானை? பிறகு அந்தக் குரல். நூருக்கு ஐந்தாறு வருஷமாகத் தொண்டை கரகரப்பு. இந்தக் குரலில் அது இல்லை. இது பத்தொன்பது வயசு நூர். அந்த நூரைப் பேசத் தெரிந்தவள் ஒருத்திதான்.

ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன்.

பத்து பதினைந்து. உத்திர வீதி. வைதேகி கதவைத் திறக்கிறாள். என்னைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொள்கிறாள். நான் போனைத் தூக்கிக் காட்டுகிறேன்.

"திருநாடு அலங்கரிச்சுட்டாடி," என்கிறாள்.

அது அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் இறந்தால் மட்டும் சொல்கிற சொல். அதை நூருக்கும் சொன்னாள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

போனது வெள்ளிக்கிழமை. விடியற்காலை நாலு மணி. பதினாறு நாள் ஆகிவிட்டது. கர்ப்பப்பையில் தொடங்கியது எங்கெங்கோ பரவியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஆறு நாள். ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அடக்கம். வைதேகியை மட்டும் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறாள்.

"கலைக்குத் தெரிஞ்சா பொண்ணு கல்யாணத்தை அப்படியே போட்டுட்டு ஓடி வருவா. முடியற வரைக்கும் எனக்கு ப்ராக்ஸி குடுடின்னா. நான் பேசி அவ பொண்ணு ஆயிஷாவுக்கு அனுப்புவேன். அவ அம்மா போன்லேர்ந்து குரூப்ல போடுவா."

"வியாழக்கிழமையே முடிஞ்சுதேடி."

"மறுநாளே சொல்லணும்னுதான் இருந்தேன். வாய் வரலை. இன்னிக்கும் ஒன்பது மணி ஆச்சு. சுமதி இருபத்தேழுன்னா. என்னை அறியாம சொல்லிட்டேன்."

அவளை அடிக்க வேண்டும் போல் இருந்தது. கட்டிக்கொண்டேன். இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது. உன்னைக் கூப்பிட்டாள், என்னைக் கூப்பிடவில்லையே என்ற பொறாமையும் இருந்தது. மறைக்க மாட்டேன்.

மாலை ஐந்து ஐம்பது. குரூப்பில் என் குரலில் சொன்னேன். இருபத்தேழு ஆப்சென்ட். போனை வைதேகியிடம் நீட்டினேன். மீதியை வைதேகி, தன் சொந்தக் குரலில் சொன்னாள். பிறகு 'டிங்' சத்தம். ஒன்றன்பின் ஒன்றாக. போனைக் கவிழ்க்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டேன்.

கணக்கு இது. கிளாஸில் முப்பத்தெட்டு. அந்த மே மாதத்தில் நான்கு. அதற்கு முன்னும் பின்னுமாக நான்கு. ஒன்பதாவது நூர்ஜஹான். மீதி இருபத்தொன்பது. அவள் இல்லாத ஞாயிறு மூன்று. அந்த மூன்று ஞாயிறும் நான் அவள்மேல் கோபமாக இருந்தேன். அதையும் இழப்பில் சேர்த்து எழுதுகிறேன்.