காந்தப் பெல்ட்டும் ஒரு பொன்னாடையும்

— ஏங்க, எறங்குங்க. பன்னெண்டரைக்கே உள்ள விட ஆரம்பிச்சிட்டாங்க.

— இரு வள்ளி. ஏர்கோன் இப்பத்தான் குளுந்துச்சு.

— காடியில உக்காந்து ஏர்கோன் வாங்கவா லூனாஸ்லருந்து சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரிக்கு வந்தோம்? குணாக்கா வழியப் பாத்துக்கிட்டு இருக்கும்.

— நீ முன்னால போ. நான் பின்னாடியே வரேன்.

— முந்தாநாளும் இதத்தான் சொன்னீங்க. கேண்டீன்ல மூணு தேத்தண்ணி குடிச்சிட்டு, நேரம் முடிஞ்சப்புறம் வந்து நின்னீங்க.

— ரெண்டுதான் லா.

— கால எடுத்தது எங்கக்காவுக்கு. நீங்க ஏன் நடக்க மாட்டேங்குறீங்க? டாக்டர் சொன்னாருல்ல? வலது கால் விரலும் கறுக்க ஆரம்பிச்சிருச்சாம். இன்சுலின் போட்டா இந்தக் காலையாவது காப்பாத்தலாமாம். நேத்து நர்சு மிசி ஊசியோட வந்தா, கையத் தட்டி விட்ருச்சு.

— இன்னுமா?

— தலகாணிக்கு அடியில அந்தக் காந்தப் பெல்ட்டு இருக்கே! உங்களக் காட்டித்தான், "பசுபதி தம்பிக்கு முட்டி வலியே போச்சு, என் இனிப்பு நீர் வியாதி கேக்காதா? கூடக் கொஞ்ச நாள் கட்டணும்"ங்குது.

— காந்தத்துல ஒண்ணுமே இல்லன்னும் சொல்லிட முடியாது வள்ளி. ரத்தத்துல இரும்பு இருக்கு. காந்தம் இழுத்தா ஓட்டம் நல்லா...

— அது ஆணி மாதிரி ஒட்டுற இரும்பு இல்லையாம். மிசி பிரேமலா சொன்னா. ஒட்டுனா, பெரிய ஸ்கேன் காந்தத்துக்குள்ள போறவங்க கதி என்ன?

— எத்தன பேரு நல்லாருக்குன்னு சொல்றாங்க...

— யாரு? ஒரு பேரு சொல்லுங்க.

— பெண்டாங் ஊரு முருகையா.

— அவருதான அத விக்கிறவரு!

— ...சரி, அவர விடு.

— விட்டுட்டேன். உங்களக் கேக்குறேன். உங்க முட்டி பெல்ட்டாலதான் சரியாச்சா?

— கேள்வியப் பாரு. ஊருக்கே தெரியும்.

— ஊரு கெடக்கட்டும்.

— ...கோயில் மண்டபத்துல முருகையா பெல்ட்டு விக்கக் கூட்டம் போட்டாரே, அதுல நான் பேசுனப்ப நீயும்தான இருந்த?

— மொத வரிசையில.

— நான் பேசவே போகல வள்ளி. இடுப்புல பெல்ட்டப் பாத்துட்டு முருகையா மேடைக்கு இழுத்துட்டாரு. ஏறுனதும் மாலை. அதுக்கு மேல பொன்னாடை. அப்பறம்தான் மைக்கக் குடுத்து, "அண்ணே, உங்க அனுபவத்தச் சொல்லுங்க"ன்னாரு. பொன்னாடையப் போத்திக்கிட்டு "எனக்கு ஒண்ணும் கேக்கல"ன்னு எப்படிச் சொல்றது?

— வாயாலதான்.

— முப்பது வருசம் தோட்டத்துல செம்பனக் குலை வெட்டுனவன். எனக்கு யாரு பொன்னாடை போட்டா? பொண்ணு கல்யாணத்துல கூட சம்பந்திக்குத்தான் போட்டாங்க.

— அதனால?

— "ஒரு மாத்திர இல்ல, ஒரு ஊசி இல்ல, எல்லாம் காந்தம்"னுட்டேன். எல்லாரும் கை தட்டுனாங்க. நல்லாருந்துச்சு... அத நெனச்சாத்தான் இப்ப வெக்கமா இருக்கு.

— ஊசி இல்லையா?

— ...இருந்துச்சு. கூலிம்ல ஒரு கிளினிக்கு. மூணு தடவ முட்டியில குத்திக்கிட்டேன். உங்கிட்ட டயர் மாத்தப் போறேன்னு சொன்னேன்.

— ஆமா. ஒரே மாசத்துல மூணு தடவ டயர் மாத்துன காடி.

— திட்டு. வாயத் தொறந்து திட்டிடு.

— அக்காகிட்டப் போயி இதே வார்த்தையச் சொல்லுங்க.

— எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு? கால எடுத்தப்புறம் போயி, "தம்பி சொன்னது பொய்"ன்னா காறித் துப்பாது?

— துப்பட்டும். தொடச்சிக்கலாம். ஊசியப் போட்டுக்குமில்ல?

— என் பேச்ச நம்பித்தான மருந்தத் தூக்கிப் போட்டுச்சு... மேடையில நின்னு ஒரு பொய். அதுக்கு ஒரு காலு.

— இல்லங்க. மேடையில பேசுனத அக்கா நம்பல.

— பின்ன?

— நீங்க மட்டும் சொன்னா பத்தாது, நானும் சொல்லணும். மறுநாள் காலையில அக்கா எனக்குப் போன் பண்ணுச்சு. "மைக் கெடச்சா ஆயிரம் பேசுவாங்க. நீ என் தங்கச்சி, நீ சொல்லு, நெசமாவே ஊசி இல்லாமத்தான் உன் புருசன் நடக்குறாரா"ன்னு கேட்டுச்சு. தொவைக்க எடுத்த உங்க சட்டப் பையில இருந்த கிளினிக்கு அட்டை அப்ப என் கையிலதான் இருந்துச்சு. ஊர்ல உங்க மானம் போயிருமேன்னு... "சாமி சத்தியமா ஊசி இல்லக்கா"ன்னு சொன்னேன்.