செருப்பு சரியாக இருக்கிறது

பொய்ப்பல்லைக் கழற்றி இதோ இந்தத் தம்ளரில் போட்டுவிட்டேன். இனி என் வாயில் பொய் என்று எதுவும் இல்லை. சொல்லப்போவது ஒவ்வொரு சொல்லும் சத்தியம். மரமில்லில் என்னோடு வேலை பார்த்த உர்பானைத் தெரியுமல்லவா? அவனுடைய சித்தப்பா வென்டலினுக்கு நடந்தது. ஜன்னலைச் சாத்துங்கள். கதவோரம் இருக்கிறவர் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருங்கள். உங்கள் நல்லதுக்குத்தான்.

அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு. சாயங்காலம் ஐந்தரை மணி. ஆய்லன்ஸ்டைன் கோட்டையிலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கும் காட்டுப்பாதை... இரண்டு பக்கமும் பீச் மரம். வீடு கிடையாது. விளக்கு கிடையாது. மழை விட்டு, ஈர இலை அழுகும் வாடை. அந்தப் பாதையில் வென்டலின் தன் பழைய காரை மெதுவாக இறக்கிக்கொண்டு வருகிறார். பக்கத்து இருக்கையில் அவர் மனைவி ஆஃப்ரா.

அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

கொஞ்சம் பின்னால் போவோம். ஞாயிறு என்றால் இருவருக்கும் ஒரு கோட்டை வேண்டும். மலை ஏற வேண்டும், மூச்சு வாங்க வேண்டும், பிளம் கேக் சாப்பிட வேண்டும். வந்து போனதற்கு அடையாளமாக, அந்தக் கோட்டையின் படம் போட்ட தகரத் தகடு ஒன்றை ஆஃப்ராவின் கைத்தடியில் அறைய வேண்டும். தடியில் மரமே தெரியாது, அவ்வளவு தகடு. ஆஃப்ரா தன் பல்லை மறந்தாலும் மறப்பாள், தடியை மறக்க மாட்டாள்.

அன்றைக்கு அந்த வருஷத்தின் கடைசிச் சுற்று. முடிந்ததும் பூட்டினால் ஈஸ்டருக்குத்தான் திறப்பார்கள். பனி விழுந்துவிட்டால் அந்த மலைக்குக் காக்கைகூட ஏறாது.

சுற்றிக் காட்டுகிறவர் ஸாங்கல். சாவியும் அவரிடம்தான். உள்ளே தேன்மெழுகு போட்டுத் தேய்த்த மரத்தரை. அதனால் யார் வந்தாலும் ஷூவுக்கு மேலேயே படகு மாதிரி ஒரு கம்பளிச் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். காலைத் தூக்கக் கூடாது. வழுக்கிக்கொண்டே போக வேண்டும். ஸ்ஸ்... ஸ்ஸ்... நனைந்த மேல்கோட்டையும் தடியையும் கதவுக்கு வெளியே வாசல் வளைவில் இருக்கும் கொக்கியில் மாட்டிவிட வேண்டும். திரும்பி வந்து, செருப்பை அங்கேயே இருக்கும் பெட்டியில் போட வேண்டும். ஸாங்கல் ஆளை எண்ண மாட்டார். செருப்பைத்தான் எண்ணுவார்.

“ஆளு பொய் சொல்லும். செருப்பு சொல்லாது” என்பார்.

ஆஃப்ராவுக்குக் கால் ஆணி. அந்தக் காலத்து எசமானியின் படுக்கை அறைக்கு வந்ததும், ஜன்னல் மேடையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டாள்.

“அம்மா, மாட்டுங்க. இந்தத் தரை பொல்லாதது” என்றார் ஸாங்கல். “தரை தேய்க்கிற பொண்ணு ஒருத்தி இங்க இருந்தா. ஒரு நாள் ஆணி அடிச்ச ஷூவோட இதுமேல நடந்துட்டா. எசமானி அவள இதே ரூம்ல வச்சுப் பூட்டிட்டு ஊருக்குப் போயிட்டாங்க. திரும்பி வந்தது ஈஸ்டருக்கு. செருப்பு இல்லாதவள வெளிய விடாதேன்னு தரைகிட்ட சொல்லிட்டுப் போனாங்களாம்.”

“தரை இன்னும் பேச்சு கேக்குதா?” என்றாள் ஆஃப்ரா. “எங்க வீட்டுல நான் சொன்னா நாய்கூடக் கேக்கிறதில்ல.”

எல்லாரும் சிரித்தார்கள்.

“எந்திரி கிழவி, அடுத்தது பீரங்கி” என்றார் வென்டலின்.

“நீ போய் உன் பீரங்கியக் கொஞ்சு. பின்னாலயே வரேன்.”

போனார்.

வெளியே வந்தபோது வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. பெட்டியில் தொப்... தொப்பென்று செருப்புகள் விழுந்தன. ஸாங்கல் எண்ணினார். சரியாக இருந்தது. கோட்டைக் கதவைப் பூட்டினார். செருப்புப் பெட்டியைப் பூட்டினார். கொக்கியில் ஆஃப்ராவின் மேல்கோட்டு இல்லை. முன்னால் போயிருப்பாள் என்று வென்டலின் இறங்கி வந்தார். காரில் உட்கார்ந்திருந்தாள். காலரைத் தூக்கிவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு.

இப்போது காட்டுப்பாதைக்கு வாருங்கள்.

அவள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கால் வலி என்று நினைத்துக்கொண்டார். ஒரு வளைவு தாண்டியதும் காருக்குள் ஒரு வாசனை... தேன்மெழுகு. இன்னொரு வளைவு. அவள் காலடியில் ஒரு சத்தம். கிர்க்... கிர்க்... இரும்பு ஆணி ரப்பரைக் கீறுகிற மாதிரி.

“தடி எங்க?” என்றார்.

கொஞ்ச தூரம் போன பிறகு, பேசிப் பல காலம் ஆன தொண்டையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“இந்தக் கதவு... உள்ளேருந்து தொறக்குமா?”

வென்டலின் பிரேக்கை மிதித்தார். கதவுப் பிடியை அவள் இரண்டு கையாலும் பற்றிக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் எல்லாம் மஞ்சள் மெழுகு.

முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. காரைத் திருப்பினார். மேலே போய்ச் சேரும்வரை அவர் வாயில் ஒரே பெயர்தான்... ஆஃப்ரா, ஆஃப்ரா, ஆஃப்ரா.

ஸாங்கல் மொப்பெட்டில் ஏறிக்கொண்டிருந்தார்.

“தொறங்க! என் பொண்டாட்டி உள்ள இருக்கா!”

“செருப்பு சரியா இருக்கு.”

“அவ செருப்ப வேற எவளோ போட்டுட்டு வந்துட்டா ஐயா! ஆளு உள்ள மாட்டிக்கிட்டா!”

ஸாங்கல் டார்ச்சைக் கார் பக்கம் அடித்தார். பழுப்பு மேல்கோட்டு. அசையாமல் உட்கார்ந்திருந்தது. “அப்ப அது யாரு?”

வென்டலின் கோட்டைக் கதவைக் காட்டினார். ஸாங்கல் டார்ச்சை அணைத்தார்.

“ஒரு டிக்கெட்டுக்கு ஒரு பொண்டாட்டிதான் ஐயா. இருக்கிறதக் கூட்டிட்டுப் போங்க.”

வென்டலின் சேற்றில் மண்டியிட்டார். மொப்பெட்டின் சக்கரத்தைக் கட்டிக்கொண்டார். பெரிய மனிதர், ஊர்த் தீயணைப்புப் படைக்குத் தலைவராக இருந்தவர், குழந்தை மாதிரி அழுதார். “ஈஸ்டர் வரைக்கும் தாங்க மாட்டா ஐயா... விடியிற வரைக்குங்கூடத் தாங்க மாட்டா...” ஸாங்கல் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். “கீழ போய் ஒரு சூடான சூப் குடிங்க. பீர் வேணாம்.” மொப்பெட் போய்விட்டது. சாவியும் போய்விட்டது.

வென்டலின் கதவில் மோதினார். ஓக் மரம். தோள்தான் வலித்தது. கத்தினார். ஆந்தைதான் கேட்டது.

அப்போது உள்ளே... டக். டக். டக். ஆஃப்ராவின் ஷூ. கிட்ட வந்தது. நின்றது. மறுபடி தூரத்தில் கேட்டது.

“வென்டலின்... நடக்கிறேன், நடக்கிறேன்... கதவு கிட்ட வந்தா மறுபடி அந்த ரூம்லயே நிக்கிறேன்.”

“ஆஃப்ரா! நான் இங்கதான் இருக்கேன்!”

“குளிருது. என்னையத் திட்டு. உன் சத்தம் கேட்டா வழி தெரியும்.”

கல்யாண நாளிலிருந்து அவளை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத மனிதர் திட்டத் தொடங்கினார். கழுதை என்றார். உப்பு போடத் தெரியாதவள் என்றார். அழுதுகொண்டே திட்டினார். திட்டிக்கொண்டே கொக்கியில் தொங்கிய தடியை எடுத்துப் பெட்டிப் பூட்டுக்குள் கொடுத்து நெம்பினார். தடி முறிந்தது. அத்தனை கோட்டைகளும் கல் தரையில் சிதறி உருண்டன. பூட்டும் விட்டது.

கதவுக்கடியில் இரண்டு விரல் இடைவெளி. ஒரு செருப்பைச் செருகினார். போகவில்லை. இன்னும் தள்ளினார். உள்ளேயிருந்து யாரோ வெடுக்கென்று இழுத்தார்கள். இன்னொன்றையும் கொடுத்தார். இழுத்த விரல்கள் அவர் விரல்மேல் பட்டன. கிணற்றுக் கல் மாதிரி சில்லென்று இருந்தன.

ஆஃப்ராவின் ஷூ சத்தம் அப்போதும் தூரத்து அறையிலிருந்துதான் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு அது நின்றது. எல்லாம் நின்றது...

ஸ்ஸ்... ஸ்ஸ்... ஸ்ஸ்...

சாவி இல்லாமல் பூட்டு திரும்பியது. கதவு திறந்தது. காலில் செருப்போடு ஆஃப்ரா வெளியே வந்தாள். உதடு நீலம். காரைப் பார்த்தாள்.

“எவ அவ, என் மேல்கோட்டப் போட்டுக்கிட்டு?”

வென்டலின் நடந்ததைச் சொன்னார். காரில் இருந்தவள் இறங்கவில்லை. கதவுப் பிடியை விடவும் இல்லை. ஆஃப்ரா குனிந்து அவளை நெடுநேரம் பார்த்தாள்.

“இந்தக் குளிர்ல எங்க விடுறது?” என்றாள். “நான் பின்னால உக்காந்துக்கிறேன். வண்டிய எடு.”

அன்றிலிருந்து வென்டலின் வீட்டில் காலையில் மூன்று முட்டை வேகும். தரை முகம் தெரியும்படி பளபளக்கும். யார் தேய்த்தது என்று அவர் கேட்டதில்லை. பனி கொட்டினாலும் அந்த வீட்டில் ஒரு கதவையும் சாத்துவதில்லை. ஆஃப்ரா அந்தக் கம்பளிச் செருப்பைக் கழற்றவே இல்லை, படுக்கையிலும்கூட. கால் ஆணியைப் பற்றி ஒரு நாளும் புலம்பவும் இல்லை.

ஈஸ்டருக்கு ஸாங்கல் கோட்டையைத் திறந்தார். உடைந்த பெட்டியைப் பார்த்துத் திட்டிவிட்டு, உட்கார்ந்து எண்ணினார்.

செருப்பு சரியாக இருந்தது.

வென்டலின் போன வருஷம்தான் செத்துப்போனார். நல்ல மனிதர். கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளாதவர். சரி, அந்தத் தம்ளரை இப்படிக் கொடுங்கள், பல்லை மாட்டிக்கொள்கிறேன்.