மூக்கு வச்ச வண்டி

— கார்பரேட்டரா? அதுக்கு ஏன் என்கிட்ட வந்த, பாப்பா? உங்கப்பா வண்டி வேற, என் வண்டி வேற. அப்படித்தானே அவரு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காரு?

— அப்பா சொல்றதை விடுங்க சித்தப்பா. உங்களுதும் மினி கார்தான், எங்களுதும் மினிதான். கிரீஸ் அண்ணன் ஒர்க்‌ஷாப்பை மூடிட்டு மகள் வீட்டோட போறதுக்கு முன்னாடி எனக்கு எல்லாம் சொல்லிட்டுத்தான் போனார்.

— எல்லாம்னா?

— முதல்ல வண்டிங்க கதையைச் சொன்னார்.

— அரைகுறையாச் சொல்லியிருப்பான். அதாவது, அந்தக் காலத்துல இங்கிலாந்துல ரெண்டு பெரிய கம்பெனி, ஆஸ்டின், மாரிஸ். ஒருத்தனுக்கு ஒருத்தன் ஆகாது. கடைசியில ரெண்டும் ஒண்ணாச் சேர்ந்துச்சு. ஆனா கடைக்காரன் சேரல, வாங்கறவனும் சேரல. ஆஸ்டின் வீட்டு ஆளு மாரிஸ் கடைப் படி மிதிக்க மாட்டான். என்ன பண்றது? ஒரே வண்டியைச் செஞ்சு ரெண்டு பேரு வச்சு வித்தாங்க. அப்புறம் கொஞ்சம் வசதியான ஆளுங்களுக்காக முன்னாடி ஒரு வெள்ளி மூக்கு, பின்னாடி ஒரு பெட்டி, உள்ள கொஞ்சம் மரப்பலகை. அதுதான் என் உல்ஸ்லி. எல்லாம் ஒரு வயித்துப் பிள்ளைங்க. நெத்தியில எழுதின பேருதான் வேற.

— அப்பா உங்க வண்டியை ‘மூக்கு வச்ச வண்டி’ம்பார்.

— தெரியும். அவரோட ஆஸ்டின்தான் மூத்ததாம், என்னுது வேஷம் கட்டினதாம். உள்ள திறந்து பாரு, அதே என்ஜின், அதே மாதிரி குறுக்கால படுத்திருக்கும். கியருக்குத் தனியா எண்ணெய் கிடையாது, என்ஜின் குளிச்ச எண்ணெயிலதான் அதுவும் குளிக்கணும். கூட்டுக் குடும்பம். ஒண்ணு அழுக்கானா எல்லாம் அழுக்கு.

— மழை பெய்ஞ்சா நின்னுடுமாமே.

— நிக்கும். என்ஜினுக்குப் பொறி குடுக்கற டிஸ்ட்ரிபியூட்டர் மூஞ்சிக்கு நேரா இருக்கு. ரோட்டுத் தண்ணி பூரா அதுதான் குடிக்கும். நான் பாத்திரம் கழுவற ரப்பர் கையுறையை அதுக்கு மாட்டி வச்சிருந்தேன். உங்கப்பாகிட்டயும் சொன்னேன். ‘கையுறை போட அது என்ன டாக்டரா?’ன்னாரு.

— அதுக்கப்புறம்தானே அத்தை கல்யாணம்?

— அதுக்கு மறுவாரம். ஜோன்னு மழை. பொண்ணு மாப்பிள்ளையை ஏத்திக்கிட்டு உங்கப்பா கிளம்பினாரு. வரவேற்புக்குப் போற வழியில நட்டநடு ரோட்டுல ஆஸ்டின் படுத்துடுச்சு. பின்னாடி நான் வந்தேன். பொண்ணு மாப்பிள்ளையை என் வண்டிக்கு மாத்தினேன். அவ்வளவுதான்.

— அதுக்கா இத்தனை வருஷம் பேசாம இருக்கீங்க? வேற ஒண்ணும் பண்ணலையா?

— ஒண்ணும் பண்ணல. ஹாரன் அடிச்சேன்.

— ஒரு தடவையா?

— ஹால் போய்ச் சேர்ற வரைக்கும்.

— சித்தப்பா.

— புது சூட்டு போட்டுக்கிட்டு, தொப்பலா நனைஞ்சு, என்ஜினுக்குள்ள தலையை விட்டு நின்னாரு. சம்பந்தி வீட்டுச் சனமெல்லாம் பின்னால வந்த வண்டிங்கள்ல இருந்து பார்த்துச்சு. சரி விடு. கார்பரேட்டர் என்கிட்ட இல்ல.

— ஷெட்டைத் திறங்க, நானே பார்க்கறேன்.

— பூட்டியிருக்கு.

— பூட்டே இல்லையே.

— சரி, வா. தலையைக் குனி, மேல பலகை இடிக்கும்.

— என்ன சித்தப்பா இது, வெறும் கூடா இருக்கு? டிரைவர் சீட்டு எங்க?

— போச்சு.

— ரேடியேட்டர்?

— அதுவும் போச்சு. உங்கப்பா வண்டிக்குள்ள தேடு, இருக்கும். அவரோட ஸ்டார்ட்டர் மோட்டார் கெட்டுப்போய் எங்கயும் கிடைக்கலைன்னு ஒரு நாள் கிரீஸ் வந்து நின்னான். என்னுதைக் கழட்டிக்கோ, ஆனா வாயைத் திறக்காதேன்னேன். அப்புறம் ஒவ்வொண்ணா வந்து கேட்டான்.

— ஏன் குடுத்தீங்க?

— அண்ணன் ரோட்டுல நின்னதைப் பார்த்து ஒரு நாள் சிரிச்சாச்சு. போதும்.

— முன்னாடி மூக்குல மட்டும் ஏதோ வெளிச்சம் தெரியுது.

— அது பேரு. லைட்டைப் போட்டா இந்தக் குடும்பத்துலயே உல்ஸ்லிக்கு மட்டும்தான் பேரு எரியும். பாட்டரி இன்னும் இருக்கு. சாயங்காலம் கொஞ்ச நேரம் போட்டு வைப்பேன். ஓடாத வண்டிக்குப் பேராவது இருக்கட்டும். அந்த ஸ்பானரை எடு. கார்பரேட்டர் ஒண்ணுதான் மிச்சம். பழைய இரும்புக் கடையில கிடைச்சதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லிடு.

— கழட்டாதீங்க.

— கேட்டுத்தானே வந்த?

— உள்ள விடுவீங்களான்னு பார்க்கத்தான் கேட்டேன். எங்க வண்டிக்கு ஒண்ணும் ஆகல.

— பின்ன?

— ஸ்டார்ட்டர் மட்டும்தான் நிஜமாவே கெட்டுது. அதுக்குப் பதிலா வந்த மோட்டாரைப் பார்த்ததுமே உங்க வண்டியோட பச்சைப் பெயிண்டு ஓரத்துல ஒட்டியிருந்ததை அப்பா கண்டுபிடிச்சுட்டார். அதுக்கப்புறம் ஒண்ணுமே கெட்டுப்போகல சித்தப்பா. இது போச்சு, அது போச்சுன்னு அவரா சொல்லி அனுப்புவார். கிரீஸ் அண்ணன் கொண்டு வந்து குடுத்ததும் உட்கார வச்சு, யாரு கழட்டினா, கழட்டும்போது தம்பி என்ன சொன்னான், இருமல் எப்படி இருக்கு, இளைச்சிருக்கானான்னு ஒவ்வொண்ணா விசாரிப்பார். இப்ப கிரீஸ் அண்ணனும் ஊரைவிட்டுப் போயிட்டார். விசாரிக்க ஆளில்ல. அப்பா சரியாச் சாப்பிடறதே இல்ல.

— அப்ப என் சாமானெல்லாம்?

— துடைச்சு, துணியில சுத்தி, அலமாரியில வச்சிருந்தார். இப்ப அத்தனையும் வெளிய நம்ம வண்டியில இருக்கு. அப்பாதான் ஓட்டிட்டு வந்தார். ஸ்டியரிங்கை விடாம உட்கார்ந்திருக்கார், நீங்க வாசல் வரைக்கும் வந்தா இறங்கறாராம்.