பதினொரு பேருக்குப் பிரித்த கட்டு

வெடித்த பருத்திபோல வெள்ளைச் சிரிப்போடு இந்த மகளிர் குழு ஆண்டு விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் நாகஜோதி அக்கா அவர்களே! தோளில் துண்டும் நெஞ்சில் அன்புமாக முன்வரிசையில் வீற்றிருக்கும் எம்.ரெட்டியபட்டிப் பெரியோர்களே! களையெடுப்பை மதியத்தோடு முடித்து, தலைவாரிப் பூ வைத்து வந்திருக்கும் தாய்மார்களே, மதினிமார்களே! உட்காரலாமா, போகலாமா என்று வேலியோரம் நிற்கும் அண்ணன்மார்களே! உட்காருங்கள், சுண்டல் என் பேச்சுக்குப் பிறகுதான். அனைவருக்கும் அறிவியல் டீச்சர் ஈஸ்வரியின் பணிவான வணக்கம்.

ஆரோக்கியம் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஆரோக்கியத்தைப் பற்றி ஆயிரம் பேசலாம். நான் ஒரே ஒரு கையைப் பற்றிப் பேசப்போகிறேன். எங்கள் வீட்டுக்காரர் ஜெயபாண்டியின் வலது கை. நம்மூருக்கும் அருப்புக்கோட்டைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டும் கை. ஆக்சிலேட்டர் முறுக்கும் கை. எங்களுக்குச் சோறு போட்ட கை. அந்த ஆட்டோவில் ஏறாதவர் இந்தக் கூட்டத்தில் உண்டா?

என்ன அத்தை? பேரைச் சொல்லிட்டேனா? பேரைச் சொன்னால் ஆயுசு குறையாது அத்தை. எதனால் குறையும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

போன ஆவணியில் அந்தக் கையில், மணிக்கட்டுக்கு மேலே, நெல்லிக்காய் அளவு ஒரு கொழுப்புக் கட்டி. டவுனில் தோலைக் கீறி எடுத்து, ஆறு தையல் போட்டு, கட்டுக் கட்டி, அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். "கட்டு நனையக் கூடாது. நீங்களா பிரிக்கவும் கூடாது. அஞ்சாம் நாள் வாங்க, நாங்க மாத்துறோம்" என்றார் டாக்டரம்மா.

மறுநாளே உறவு வந்தது. வாழைப்பழத்தோடு வந்தது, ஹார்லிக்ஸோடு வந்தது, அன்போடு வந்தது. அந்த அன்பில் எனக்கு ஐயமே இல்லை. முதலில் வந்தவர் எங்கள் சோணைமுத்து மாமா.

"என்னப்பா, கட்டியாம்ல? எங்க, காட்டு பாப்பம்."

"டாக்டர் பிரிக்கக் கூடாதுன்னுட்டாக மாமா."

"பிரிக்கக் கூடாதா? அப்ப பெரிய சமாச்சாரமால்ல இருக்கு!"

பெரிய சமாச்சாரம் என்றால் என்ன? நாம் வாயால் சொல்லப் பயப்படும் அந்த நோய். அந்த வாரம்தான் எங்கள் மகள் ஜோதிகாவைப் பெண் பார்க்க நரிக்குடியிலிருந்து வருவதாக இருந்தார்கள். "அப்பனுக்கு அந்த நோயாம்" என்ற சொல் நரிக்குடி போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? பஸ் போகிற நேரம்கூட ஆகாது. செல்போன் இருக்கிறதே!

பிளாஸ்திரியை உரித்தேன். யார்? நான்தான்.

மூக்குப்பொடி போட்ட விரலால் மாமா தையலைத் தொட்டுப் பார்த்தார். "அட, இம்புட்டுத்தானா!" என்றார். இம்புட்டுத்தானா! அந்த ஒரு சொல்லுக்காக, அந்த நிம்மதிக்காக, அடுத்து வந்தவருக்கும் பிரித்தேன். ரேணுகாதேவி மதினி தையல் மேலேயே கோயில் திருநீற்றைப் பூசினார்கள். பிரித்த துணியையே திரும்பத் திரும்பக் கட்டினேன்.

நான் யார்? தாவரவியல் பட்டம் பெற்றவள். கல்லூரியில் நுண்ணோக்கி வழியே பாக்டீரியாவைக் கண்ணாலே கண்டவள். பிள்ளைகளுக்குக் கை கழுவச் சொல்லித் தருகிறவள். அத்தனை படிப்பும் அன்றைக்கு எங்கே போனது? ஊர் வாய்க்குப் பயந்தால், படிப்பு பின்வாசல் வழியாகப் போய்விடுகிறது.

நாலாம் நாள் கை சிவந்தது, வீங்கியது, தொட்டால் சுட்டது. "ஒடம்புச் சூடு" என்றேன். அஞ்சாம் நாள் காய்ச்சல் கொதித்தது. கட்டு சீழில் நனைந்து நாறியது. டாக்டரம்மா தையலைப் பிரித்து, கழுவி, சீழைச் சோதனைக்கு அனுப்பினார். "பாக்டீரியாம்மா. தோல்ல, மூக்குல, நகத்துல எல்லாருக்கும் இருக்கதுதான். காயத்துக்குள்ள போனாத்தான் வம்பு. கட்டை எத்தனை பேருக்குப் பிரிச்சீக?"

எண்ணிப் பார்த்தேன். பத்து விரல் போதவில்லை. பதினொரு பேர்.

முதலில் கொடுத்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கவில்லை. சோதனை முடிவு வந்த பிறகு மருந்தை மாற்றினார்கள். ஒன்பது நாள் வார்டில் கிடந்தோம். ஒருநாள் கையை நீட்டி அவுக சொன்னாக: "ஈஸ்வரி, விரல் மடங்கலையே. ஆக்சிலேட்டர எப்படி முறுக்குவேன்?"

இரண்டு மாதம் ஆட்டோ வாசலில் நின்றது. இப்போது ஓட்டுகிறார், சுண்டுவிரல் மட்டும் இன்னும் முழுதாக மடங்காது. அதோ, கடைசி வரிசையில் இருக்கிறார். கையைத் தூக்கிக் காட்டுங்க! மாட்டார், வெட்கம்.

நரிக்குடிக்காரர்கள் என்ன ஆனார்கள் என்றுதானே கேட்கிறீர்கள்? "ஒம்பது நாள் ஆஸ்பத்திரில கெடந்தா அது சாதாக் கட்டியா?" என்றார்களாம். வரவே இல்லை. எந்தப் பேச்சைத் தடுக்கக் கட்டைப் பிரித்தேனோ, அந்தப் பேச்சையே பிரித்த கட்டு கொண்டுவந்து சேர்த்தது.

மாமா, தலையைக் குனியாதீங்க. பொடி உங்களுடையது, பிரித்த கை என்னுடையது.

தாய்மார்களே, தைத்த காயம் சிவந்தால், வீங்கினால், சீழ் வைத்தால், காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். இது உங்களுக்கு.

இனி எனக்கு. என் முதுகில் ஒரு மச்சம் ஆறு மாதமாகப் பெருத்து வருகிறது. வருகிற வியாழக்கிழமை அதை வெட்டியெடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். அது என்ன என்று எனக்குத் தெரியாது. புற்றுநோயாகவும் இருக்கலாம். சொல்லிவிட்டேன். வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மைக்கிலேயே சொல்லிவிட்டேன்! இனி யாரும் மெனக்கெட்டு நரிக்குடிக்குப் போன் போட வேண்டாம். இந்தக் குழாய் ஸ்பீக்கரே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

என்னைப் பார்க்க வாருங்கள். கட்டாயம் வாருங்கள். "கட்டைக் காட்டு" என்று மட்டும் கேட்காதீர்கள், காட்ட மாட்டேன். என் முகத்தைப் பாருங்கள். சாப்பிட்டியா என்று கேளுங்கள், தூங்கினியா என்று கேளுங்கள். பயமா இருக்கா என்று கேளுங்கள்.

இருக்கிறது.

நேரம் தந்த தலைவருக்கும் காது தந்த உங்களுக்கும் நன்றி. வியாழன் கழிந்து என் வீட்டு வாசலில், பிரிக்காத கட்டோடு உங்களை வரவேற்பேன். வணக்கம்.