வலை வேண்டுமா, சுவர் வேண்டுமா?

வெகு நேரமாக வியர்வையைத் துடைத்தபடி இந்தக் கூட்டத்தைக் கட்டிக் காத்துவரும் குடியிருப்புச் சங்கத் தலைவர் அவர்களே! வலப்பக்கம் வீற்றிருக்கும் மேல் வரிசைப் பெரியோர்களே! இடப்பக்கம் வீற்றிருக்கும் கீழ் வரிசைப் பெரியோர்களே! மடியில் பிள்ளையையும் மனத்தில் பயத்தையும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! வாசலில் தடியோடு நிற்கும் காவல்துறை நண்பர்களே! குழாய்க் கிடங்கில் கிரேனுக்குக் கீழே நின்று விசில் ஊதிப் பிழைக்கும் இந்தச் சகோதரியின் பணிவான வணக்கம்.

வணக்கம் சொன்னால் திருப்பிச் சொல்வார்கள். இன்று ஒருவரும் சொல்லவில்லை. எந்தப் பக்கம் முதலில் சொல்வது என்று யோசிக்கிறீர்கள் போலிருக்கிறது. யோசியுங்கள், நான் அதற்குள் பேசி முடித்துவிடுகிறேன்.

நம் இரண்டு வீட்டு வரிசைக்கும் நடுவே இருக்கிற மைதானத்தில் செங்கல் வந்து இறங்கிவிட்டது. நான் பேசி அமர்ந்ததும் தலைவர் கேட்பார். சுவர் வேண்டும் என்பவர்கள் கை தூக்க வேண்டும். மேல் வரிசை கேட்கிறது, சுவர் வேண்டும் என்று. கீழ் வரிசையும் கேட்கிறது, சுவர் வேண்டும் என்று. இத்தனை வருடத்தில் நீங்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான். இந்த ஒற்றுமையைப் பார்த்து நான் சிரிப்பதா, அழுவதா?

கோபம் நியாயமானது. இல்லை என்று நான் சொல்லவில்லை. தண்ணீர்க் குழாயடியில் தொடங்கிய வாய்ச்சண்டையில் எங்கிருந்தோ ஒரு கல் வந்தது. கீழ் வரிசைப் பிள்ளை ஒருவனின் மண்டை உடைந்தது. அவன் தாய் இதோ முன் பெஞ்சில், பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார். எறிந்தவன் யாரென்று இன்றுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெந்த புண்ணுக்கு மருந்தாகத்தான் கிடங்கு அலுவலகத்தார் அந்தக் கைப்பந்துப் போட்டியை வைத்தார்கள். ‘ஒற்றுமைக் கோப்பை’ என்று பெரிய பதாகை. பதாகையைக் கட்டவே இரண்டு வரிசையும் தனித்தனியாக ஏணி கொண்டுவந்தார்கள்!

என்னைத்தான் நடுவர் ஆக்கினார்கள். ஏன்? என்னிடம் விசில் இருந்தது. வேறு தகுதி ஒன்றும் இல்லை.

கடைசிப் புள்ளியை நினைத்துப் பாருங்கள். மேல் வரிசைக்கு ஒரு புள்ளி கிடைத்தால் கோப்பை. கீழ் வரிசையின் வெல்டர் தம்பி எம்பி அடிக்கிறார். வலைக்கு இந்தப் பக்கம் மேல் வரிசை அணித் தலைவர், கிடங்கில் குழாய்க்குக் கொக்கி மாட்டுகிறவர், நாம் எல்லோரும் கொக்கி அண்ணன் என்று கூப்பிடுகிறவர், இரண்டு கையையும் தூக்கித் தடுக்கிறார். பந்து பறந்து கோட்டுக்கு வெளியே விழுகிறது. தடுத்தவர் கையில் பட்டிருந்தால் கீழ் வரிசைக்குப் புள்ளி. படாவிட்டால் மேல் வரிசைக்குக் கோப்பை. பட்டதா, படவில்லையா?

எனக்குத் தெரியவில்லை. என் கண்ணுக்கும் அந்தக் கைக்கும் நடுவே ஒரு தலை மறைத்துக்கொண்டது. நான் வாய் திறக்கும் முன்பே மைதானம் வாய் திறந்துவிட்டது. பட்டது என்றது ஒரு பக்கம், பொய் என்றது மறுபக்கம். பெஞ்சுகள் கவிழ்ந்தன. எல்லைக்கோட்டில் நட்டிருந்த கொடிக்கம்பைப் பிடுங்கினார் வெல்டர் தம்பி. மேல் வரிசையில் ஒருவர் குனிந்து கல்லை எடுத்தார். பெயர் சொல்ல மாட்டேன், அவரே இப்போது குனிந்துகொண்டுதான் இருக்கிறார். தாய்மார்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். அன்று பிணம் விழும் என்றே நினைத்தேன், தலைவர் அவர்களே.

பயத்தில் புத்தி வேலை செய்யாது, பழக்கம்தான் வேலை செய்யும். ஆட்டத்துக்கு ஊதுகிற குட்டை விசிலை ஊத வேண்டிய நான், கிடங்கில் ஊதுகிற நீட்டு விசிலை ஊதிவிட்டேன்.

இரண்டு வரிசையும் அந்தக் கிடங்கில் உழைக்கிறவர்கள்தான், போலீஸ்கார அண்ணன்களுக்குத்தான் அதன் அர்த்தம் தெரியாது. சொல்கிறேன். தலைக்கு மேலே சுமை ஆடுகிறது என்று அர்த்தம். அந்த விசில் கேட்டால் நடப்பவன் நிற்க வேண்டும், கையில் இருப்பதைக் கீழே போட வேண்டும், தலை நிமிர்ந்து மேலே பார்க்க வேண்டும். ஆபத்தைக் கண்டவன் கையைத் தூக்கி, கண்டதைச் சொல்லும்வரை ஒருவரும் அசையக்கூடாது. அதை மறந்தவன் அடுத்த மாதச் சம்பளம் வாங்க மாட்டான், அவன் பெண்டாட்டிதான் வந்து வாங்குவாள்.

என்ன நடந்தது? இரண்டு வரிசையும் நின்றது! கல் கீழே விழுந்தது, கம்பு கீழே விழுந்தது. அடித்துக்கொல்ல வந்த அத்தனை பேரும் அண்ணாந்து ஆகாயத்தைப் பார்த்தீர்கள். மைதானத்தில் ஏது கிரேன்? ஒரு காக்கைகூட இல்லை! ஆனாலும் பார்த்தீர்கள். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்து எத்தனை நாளாயிற்று!

அந்த அமைதியில்தான் ஒரு கை உயர்ந்தது. கொக்கி அண்ணன் கை. எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். தன் ஆட்களைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

“பந்து என் விரல்ல பட்டுச்சு. புள்ளி அவங்களோடது.”

அவ்வளவுதான் சொன்னார். கோப்பை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பொய் சொல்லக்கூடத் தேவையில்லை, சும்மா இருந்திருந்தாலே போதும். கீழ் வரிசைப் பையன்கள் குதிக்கத் தொடங்கினார்கள். வெல்டர் தம்பி திரும்பினார்.

“கத்தாதீங்கடா. அவர் சொல்லலேன்னா நாம கடைசி வரைக்கும் பொய்க்காரங்கதான்.”

குதித்தவர்கள் நின்றார்கள். தலைமை என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். எதிரியைப் பார்த்துக் கத்துவதற்குத் தலைவன் எதற்கு? தொண்டை போதும்! தன் ஆட்கள் முகம் கோணும் என்று தெரிந்தும், தன் ஆட்களைப் பார்த்து உண்மை சொல்கிறானே, அவன் தலைவன். புள்ளி கிடைத்த வெறியில் துள்ளும் தன் ஆட்களை அடக்குகிறானே, அவன் தலைவன்.

என்ன அண்ணா? பின்னாலிருந்து ஒருவர் விளையாட்டு வேறு, வாழ்க்கை வேறு என்கிறார். சரி. அன்று சொன்ன சொல்லுக்குக் கொக்கி அண்ணனுக்கு வாழ்க்கையில் என்ன கிடைத்தது என்று கேளுங்கள். அணித் தலைமையைப் பிடுங்கினார்கள். மதியச் சாப்பாட்டுக்கு அவர் போய் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போகிறார். காட்டிக்கொடுத்தவன் என்று அவர் வீட்டுக் கதவில் கரியால் எழுதினார்கள். அவர் மனைவி இங்கேதான் இருக்கிறார். அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் வீட்டுப் பேச்சை மேடையில் போடுகிறேன். யாருமே பார்க்கலையே, ஏன் வாயைத் திறந்தீர்கள் என்று மகள் அழுதாளாம். அதற்கு அவர் சொன்னாராம்:

“பட்டது எனக்குத் தெரியுமேம்மா.”

மேல் வரிசைப் பெரியோர்களே, அந்த ஒரு விரல் சொன்ன உண்மையால் அன்று உங்கள் பிள்ளை ஒருவன் கொலைகாரன் ஆகாமல் வீடு திரும்பினான். கீழ் வரிசைப் பெரியோர்களே, உங்கள் பிள்ளை ஒருவன் உயிரோடு திரும்பினான். அதற்கு நாம் எல்லோரும் சேர்ந்து அவருக்குக் கொடுத்த பரிசு, கரி எழுத்தும் தனிச் சோறும். கீழ் வரிசையில் ஒருவராவது அவரைக் கூப்பிட்டு ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்தீர்களா? இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. கேட்க உங்களுக்கும் இருக்க வேண்டும்.

மைதானத்தின் நடுவே வலையும் நிற்கும், சுவரும் நிற்கும். இரண்டும் பிரிக்கத்தான் செய்யும். வலைக்கு அந்தப் பக்கம் நிற்பவன் மூச்சு வாங்குவது தெரியும், முழங்காலில் ரத்தம் வருவது தெரியும், விரல் நடுங்குவது தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன தெரியும்? கல் எறிந்தவன் முகம் தெரியுமா? அடிபட்டவன் அழுகை தெரியுமா? ஏற்கெனவே முகம் தெரியாமல்தான் ஒரு கல் வந்தது. இனி வரும் கல்லுக்கெல்லாம் மறைவிடம் கட்டித் தரவா இத்தனை செங்கல்? சொல்லுங்கள், வலை வேண்டுமா, சுவர் வேண்டுமா?

சத்தம் போடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். யாரோ எழுந்திருக்கிறார்கள். விளக்கு கண்ணில் அடிக்கிறது... கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த கொக்கி அண்ணன். போக விடுங்கள், வெளியே போகிறார் போலிருக்கிறது. இல்லை. நடுவழியைத் தாண்டுகிறார். கீழ் வரிசைப் பக்கம் வருகிறார். தம்பிகளா, உட்காருங்கள்! ஒருவரும் அவரைத் தொடக்கூடாது! போலீஸ்கார அண்ணா, நீங்களும் வாசலிலேயே நில்லுங்கள்.

முன்னால்தான் வருகிறார். மண்டை உடைந்த பிள்ளையின் தாய்க்கு எதிரே நிற்கிறார். கை கூப்புகிறார். உட்கார இடம் இல்லை, நின்றுகொண்டே இருக்கிறார். அம்மா, நான் மேடையிலிருந்து உங்களுக்கு ஒன்றும் சொல்ல மாட்டேன். சொல்ல எனக்கு உரிமை இல்லை, அடிபட்டது உங்கள் பிள்ளை.

...அம்மா பக்கத்து இடத்திலிருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

உட்காருங்கள், அண்ணா.

தலைவர் அவர்களே, என் பேச்சு முடிந்தது. இனி நீங்கள் கேட்க வேண்டியதைக் கேட்கலாம். பொறுமையோடு கேட்ட இரு பக்கத்தாருக்கும் என் நன்றி. வணக்கம்.