சொன்னா உங்களுக்குப் புரியாது

அந்த நாற்காலி வேணாம்மா, அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. ஆங், அப்படித்தான். அவ இப்ப வந்துடுவா. எதிர்ல நர்ஸம்மா வீட்டுக் கூரை மேல ஏறியிருக்கா, சோலார் பேனல்ல ஏதோ கோளாறாம். நாளைக்குக் காலையில ஊரை விட்டுப் போறவ, இன்னிக்குப் போயி அடுத்தவங்க வீட்டுக் கூரையில உக்காந்திருக்கா பாருங்க. கூரையக் கண்டா போதும், புருஷன்னு ஒருத்தன் இருக்கறதே மறந்துடும் அவளுக்கு.

சிரிக்கறீங்க. புரிஞ்சு சிரிக்கல, சும்மா மரியாதைக்குத்தான். உங்க பாஷை எனக்குத் தெரியாது, எங்க பாஷை உங்களுக்குத் தெரியாது. ஒரு விதத்துல நல்லதாப் போச்சு. உங்களப் பத்தி உங்ககிட்டயே வயித்தெரிச்சலக் கொட்டிக்கலாம். தண்ணி குடிங்க.

வயித்தெரிச்சல்தாம்மா, வேற என்னன்னு சொல்றது? நான் முடி வெட்டறவன். நாள் பூரா வாயால பொழைக்கறவன். மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வந்து உக்கார்றவன்கூட சிரிச்சுக்கிட்டுத்தான் எந்திரிச்சுப் போவான். அப்படிப்பட்டவன்கிட்ட என் பொண்டாட்டி உம்முன்னு இருப்பா. ஒரு வார்த்தை பேசத் தெரியாத உங்ககூட ஃபோன்ல வயித்தப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கறா. எரியுமா எரியாதா? நீங்களே சொல்லுங்க.

எல்லாம் அந்தப் பயிற்சியால வந்தது. நாலஞ்சு நாட்டு சர்க்கார் ஒண்ணு சேந்தாங்களாம். ஒருத்தர் எடம் குடுத்தாராம், ஒருத்தர் பேனல் குடுத்தாராம், இன்னொருத்தர் வாத்தியார அனுப்பினாராம். கரண்டே பாக்காத ஊர்லேருந்தெல்லாம் பொம்பளைங்களக் கூட்டிட்டுப் போயி, வெயில வச்சு லைட்டு எரிய வைக்கக் கத்துக்குடுத்தாங்க. எங்க ஊர்லேருந்து இவ, உங்க ஊர்லேருந்து நீங்க. ஒருத்தி பேசறது இன்னொருத்திக்குப் புரியாதுன்னு கலர வச்சும் கைய வச்சுமே பாடம் நடத்தினாங்களாமே! செவப்பு ஒயர்னா கை மேல, கறுப்புன்னா கை கீழ. ஆறு மாசம் ஒரே ரூம்ல நீங்க ரெண்டு பேரும். நான் இங்க தனியா சமைச்சு, தனியாத் தின்னு, செவுத்தோட பேசிட்டுக் கெடந்தேன்.

திரும்பி வந்தா, ஊருக்கே லைட்டு போட்டா. நான் இல்லேங்கலையே. முன்னாடியெல்லாம் பிரசவம்னா நர்ஸம்மா டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு நிப்பாங்க, இப்ப ஸ்விட்சத் தட்டறாங்க. என் கடைகூட இருட்டின பெறகும் ஓடுது. எல்லாம் சரி. ஆனா வந்து பொட்டியக் கீழ வைக்கல, ஃபோன எடுத்து உங்க மூஞ்சியத்தான் பாத்தா. எங்க வீட்டுல உங்களுக்குப் பேரு சிரிப்பு. கடுப்புல நான் வச்சது, கோச்சுக்காதீங்க. இப்ப அவளே, சிரிப்பு கூப்பிடுதுன்னு ஃபோனத் தூக்கிட்டு ஓடறா.

அப்படி என்னதான் பேசிக்கறீங்கன்னு கதவோரம் நின்னு பாத்திருக்கேன். பேச்சே கெடையாது. இவ ஒரு ஒயரத் தூக்கிக் காட்டுவா, நீங்க தலையில அடிச்சுக்குவீங்க. அப்புறம் இவ ரெண்டு விரலக் கத்திரி மாதிரி ஆட்டுவா. அது நான்தான், அதுகூடவா எனக்குத் தெரியாது! கத்திரியக் காட்டிட்டு, எதையோ பிடிச்சு வெடுக்குன்னு பிடுங்கற மாதிரி காட்டுவா. அவ்வளவுதான், ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பீங்க. கண்ணாடி முன்னாடி நின்னு மீசையில நரைமுடி பிடுங்கறேன் இல்ல, அந்தக் கிண்டல். என்னடி சொன்ன என்னப் பத்தின்னு கேட்டா, சொன்னா உங்களுக்குப் புரியாதுங்கறா. என் மீசை எனக்குப் புரியாதாம்!

இப்ப மூணாவதா ஒரு நாடு. அங்க உள்ள பொம்பளைங்களுக்குக் கத்துக்குடுக்க நீங்க ரெண்டு பேரும் ஜோடி போட்டுக் கெளம்பறீங்க. ஒரு வருஷம். பயிற்சி ஆபீஸ்காரரு எல்லாரு முன்னாடியும் வச்சு என்னக் கேட்டாரு. தாராளமாப் போகட்டும்னு பெரிய மனுஷன் மாதிரி கை குலுக்கினேன். வீட்டுக்கு வந்து, கத்திரிக்குச் சாணை பிடிக்கற சாக்குல உக்காந்து அழுதேன். நீங்க பக்கத்துல இருந்தா என் நெனப்பு வருமா அவளுக்கு? வராது. அதான் எனக்கு ஆத்தாமை.

இருட்டிக்கிட்டு வருது, இருங்க, லைட்டப் போடறேன். பாத்தீங்களா, எரியல. ஊரே வெளிச்சமா இருக்கு, எங்க வீட்டு லைட்டு மட்டும் மக்கர் பண்ணும். சாயங்காலமானா அடிக்கடி இப்படித்தான். அவ வந்து பாப்பா. ஐயோ, நீங்க எதுக்கு எந்திரிக்கறீங்க? விருந்தாளி நீங்க, உக்காருங்க. ஸ்க்ரூ டிரைவரக் கையோடவே கொண்டாந்துட்டீங்களா? சொன்னாக் கேளுங்கம்மா, செவுத்துல அந்த லைட்டுப் பொட்டியத் தெறக்காதீங்க.

தெறந்துட்டீங்க.

சரி, பாத்தாச்சு. கறுப்பு ஒயரு தானாக் கழண்டுக்கல. நான்தான் பிடுங்கி விட்டேன், நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி. நேத்தும் நான்தான். என்ன பண்ணச் சொல்றீங்க? வெளிய போனா ஊரு கூப்பிடுது, வீட்டுக்கு வந்தா நீங்க கூப்பிடறீங்க. லைட்டு போனாத்தான் என் பக்கத்துல வந்து உக்கார்றா. நான் டார்ச்சு பிடிப்பேன். அவ தோளு என் தோள்ல இடிக்கும். ஒவ்வொரு ஒயரா மெதுவாத் தொட்டுத் தொட்டுப் பாப்பா. எனக்கு அது போதும்மா.

என்ன, உங்களுக்கு அதிசயமாவே படலையா? எதுக்குச் சிரிக்கறீங்க? அது என்ன, கத்திரியா? ஆமா, நான்தான். அப்புறம் அந்தப் பிடுங்கறது... இருங்க, இன்னொரு தடவ காட்டுங்க. கத்திரி. பிடுங்கறது. ஒயரா? மீசை இல்லையா, இந்த ஒயரா?

அப்ப அவளுக்குத் தெரியுமா? மொதல்லேருந்தே தெரியுமா? ஊரு பூரா ஒரு நொடியில கண்டுபிடிக்கறவ, இந்த ஒத்த ஒயரக் கண்டுபிடிக்க அவ்வளவு நேரம் எடுத்துக்குவாளே. கள்ளி!

ஏணிச் சத்தம் கேக்குது, எறங்கிட்டா. ஐயையோ, மாட்டாதீங்கம்மா, அந்த ஒயர மாட்டாதீங்க! கழட்டுங்க. ஆங், அப்படியே விட்டுட்டுப் பொட்டிய மூடுங்க. உங்களுக்கு ஒரு வருஷம் இருக்கு, எனக்கு இன்னிக்கு ஒரு சாயங்காலம்தான் இருக்கு. போயி உக்காருங்க, ஒண்ணும் தெரியாத மாதிரி.

வந்துட்டியா? பாரேன், லைட்டு மறுபடியும் போயிடுச்சு. இங்க வந்து உக்காந்து என்னன்னு பாரு. டார்ச்ச நான் பிடிக்கறேன்.