நாற்பது டிகிரி

எனக்குச் சமையல் வரும் என்பது ஐம்பத்தாறு வயதுவரை எனக்கே தெரியாது. இந்த ஜனவரியில்தான் தெரிந்தது. புளிக்கறி, அவியல், கஞ்சிக்குத் தேங்காய்ச் சம்மந்தித் துவையல் எல்லாம் பத்தே நாளில் கைக்கு வந்துவிட்டன. நீங்கள் கேட்டது முழங்காலைப் பற்றி என்று தெரியும் மேடம். அங்கேதான் வருகிறேன். முப்பது வருடம் வேளாண்மை அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன் நான். எதையும் முதல் தாளிலிருந்து எடுத்தால்தான் எனக்குச் சரிப்படும்.

என் மனைவி அழகம்மை கணக்கு டீச்சர். கொட்டாரத்தில் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் நடக்கிற தூரம்தான். டிசம்பர் விடுமுறையில் கூட வேலை பார்க்கும் டீச்சர்மார் திற்பரப்பு அருவிக்குப் புறப்பட்டார்கள். போகவேண்டாம் என்று சொன்னேன். போனாள். பாறையில் வழுக்கி விழுந்து வலது முழங்கால் சில்லு உடைந்தது. உங்கள் ஆஸ்பத்திரியில்தான் ஆபரேஷன் செய்து கம்பி போட்டார்கள். நன்றாகவே செய்தார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் நீண்ட விடுப்பு போட்டேன். அலுவலகத்தில் எல்லோருக்கும் ஆச்சரியம். பக்கத்து வீட்டுக்காரி, "இப்பிடி ஒரு மாப்பிள்ளை கிடைக்கதுக்கு அழகம்மை என்ன தவம் செய்தாளோ" என்று எல்லோரிடமும் சொன்னாள். உண்மையில் நான் செய்தது பெரிய காரியமில்லை. தலை வாரிவிட்டேன், உடம்பு துடைத்துவிட்டேன், கட்டிலுக்கே சாப்பாடு கொண்டுபோனேன். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவள் என்னை எதற்கும் கூப்பிட்டதில்லை. காலையில் பள்ளிக்கூடம், சாயங்காலம் டியூஷன், பிறகு பரீட்சைத் தாள். வீட்டில் நான் இருக்கிறேனா என்று பார்க்க அவளுக்கு நேரம் கிடைத்ததில்லை. இப்போது, "இஞ்ச வாங்கோ, இஞ்ச வாங்கோ" என்று குரல் வந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொரு தடவை.

மூன்றாவது வாரம் ஷிஜி வரத் தொடங்கினாள். உங்கள் பிசியோதெரபிஸ்ட். வாரம் மூன்று நாள் நாகர்கோவிலிலிருந்து ஸ்கூட்டரில் வருவாள். நல்ல பெண். வேலையில் கெட்டிக்காரி. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். முதல் நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "அங்கிள், முட்டுக்கு அடியில தலையாணி மட்டும் வச்சிராதீங்க. சுகமாட்டுதான் இருக்கும். ஆனா முட்டு அப்பிடியே ஒறஞ்சு போவும். மடக்காம விட்டாலும் அதுதான் கதி. பெறவு தெய்வமே வந்தாலும் மடங்காது." நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

தீம் பார்க் பேச்சும் அந்த வாரம்தான் ஆரம்பித்தது. எங்கள் மகள் ஆதிரா கொச்சியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். அம்மாவை உற்சாகப்படுத்த, அங்கே பக்கத்தில் இருக்கும் ஒரு தீம் பார்க்கின் வீடியோவை அனுப்பினாள். அழகம்மைக்கு ஐம்பத்திரண்டு வயது. வாழ்க்கையில் ராட்டினத்தில்கூட ஏறியதில்லை. படுத்துக்கொண்டே அந்த வீடியோவைப் பத்துத் தடவை பார்த்தாள். பிறகு ஒரு நோட்டை எடுத்துக் கட்டம் போட்டாள். எந்தச் சறுக்கு, எத்தனை அடி உயரம், எத்தனை மணிக்குக் கூட்டம் குறைவு, எதற்கு எத்தனை படி. எல்லாவற்றிலும் பெரிய தண்ணீர்ச் சறுக்குக்கு நூற்றுப் பன்னிரண்டு படி ஏறவேண்டும்.

"ஏப்ரல் கடைசியில நூத்துப் பன்னெண்டு படி ஏறிருவனா மக்கா?" என்று ஷிஜியிடம் கேட்டாள்.

"நீங்க அழாம மடக்குனா ஏறிரலாம் டீச்சர்."

அழாமல் மடக்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினாள். தண்ணீரில் இறங்க நைலான் உடை வேண்டுமாம். அதையும் வரவழைத்தாள். முழங்கால்வரைக்கும் கால்சட்டை, மேலே நீலச் சட்டை. அதைப் போர்வைமேல் விரித்து வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அவள் தூங்கும்போது நோட்டைப் பார்த்தேன். போகிறவர்கள் பட்டியலில் அழகம்மை, ஆதிரா, கூட வேலை பார்க்கும் ரெஜிலா டீச்சர். நாலாவதாக என் பெயர். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அதற்குக் கீழே, 'மே முழுதும் ஆதிரா வீடு'. அங்கே என் பெயர் இல்லை.

கேட்டேன். "நீங்க வருவியளா மாட்டியளான்னு தெரியல்ல. அதான் கேள்விக்குறி போட்டேன்" என்றாள்.

"வாறேன்" என்றேன்.

"வந்தா நல்லது" என்றாள். ஆனால் கேள்விக்குறியை அடிக்கவில்லை.

பிப்ரவரி நடுவில் ஒரு நாள், வாக்கரைப் பிடித்துக்கொண்டு தானாகவே கழிப்பறைக்குப் போய்வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து, பெரிய சாதனை செய்தவளைப்போல என்னைப் பார்த்தாள். அன்று என்னை ஒன்பது தடவைதான் கூப்பிட்டாள்.

ஷிஜியின் போனில் நீங்கள் பார்த்த செய்திகள் நான் அனுப்பியவைதான். முதலில், 'டீச்சருக்குக் காய்ச்சல், இன்று வரவேண்டாம்.' இரண்டு நாள் கழித்து அதே செய்தி. மூன்றாவது, 'கொட்டாரத்திலேயே ஒருவர் கிடைத்துவிட்டார், இனி நீங்கள் சிரமப்பட வேண்டாம், நன்றி.' நன்றி என்று போட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். யாரிடமும் நான் மரியாதைக் குறைவாக நடந்ததில்லை.

அழகம்மையிடம், ஷிஜிக்குக் குவைத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டாள் என்றேன். நம் ஊரில் இதை யாரும் சந்தேகப்படமாட்டார்கள். போவதற்கு முன்னால் போனில் பேசினாள் என்றும், எக்ஸ்ரே பார்த்ததில் கம்பி இளகியிருக்கிறது, ஏப்ரல் கடைசிவரைக்கும் காலை மடக்கவே கூடாது, ஊன்றவும் கூடாது, அதற்கு அப்புறம் டாக்டரைப் பார்த்தால் போதும் என்று சொன்னாள் என்றும் சொன்னேன். ஷிஜியின் எண் என் போனில் மட்டும்தான் இருந்தது. அழகம்மை நோட்டை மூடித் தலைமாட்டில் வைத்தாள். பிறகு, "எனக்கு நேர்ல சொல்லாமப் போயிட்டாளே பிள்ளை" என்று மட்டும் சொன்னாள்.

வாக்கரை மடக்கிப் பரணில் வைத்தேன். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தேன். இலவம்பஞ்சு. நானே வெயிலில் காயவைத்துத் தட்டிப் போட்டது. "சுகமா இருக்கு" என்றாள். சுகமாகத்தான் இருந்திருக்கும்.

அடுத்த பத்து வாரம் எங்கள் தாம்பத்தியத்திலேயே நல்ல காலம் என்று சொல்வேன். சாயங்காலம் கட்டிலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து இரண்டு பேரும், மே மாதத்துக்குத் தள்ளிவைத்த அந்தப் பயணத்தைத் திட்டம் போடுவோம். நான் வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே யோசனை சொன்னேன். தண்ணீர்ச் சறுக்குகளைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும், ஈரத்துணிக்குத் தனிப் பை வேண்டும், செவ்வாய்க்கிழமை போனால் வரிசை நீளாது. எல்லாவற்றையும் அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். "ஒங்களுக்கு இவ்வளவு ஆசை உண்டும்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றாள். ஒருநாள் ரப்பரை எடுத்து அந்தக் கேள்விக்குறியை அவளே அழித்தாள். அப்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதையும் மறைக்க வேண்டியதில்லை.

அன்றைக்கே ஷிஜியைக் கூப்பிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கூப்பிட்டிருந்தால் அவள் எழுந்து நடந்திருப்பாள்.

மார்ச் மாதம் ஒருநாள் நான் சந்தைக்குப் போய்த் திரும்பும்போது, ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி இழுத்து, தானாகவே காலை மடக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வேர்த்திருந்தது. "முட்டு பலகை மாதிரி இருக்கு. எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

"ஏட்டி, கம்பி பொட்டுனா மறுபடி அறுக்கணும்லா" என்று சொல்லித் துண்டை வாங்கிக்கொண்டேன். அழுதாள். தலையைத் தடவிக்கொடுத்தேன். அதற்குப் பிறகு அவள் மடக்கிப் பார்க்கவில்லை. டீச்சர் அல்லவா, சொன்னதைக் கேட்பாள்.

ஏப்ரல் கடைசியில் ஆதிரா அம்மாவை அழைத்துப்போக வந்தாள். போனில் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் அன்றுதான் காலைப் பார்த்தாள். தொடை, கையின் பருமனுக்கு இளைத்திருந்தது. மறுநாளே உங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள். டாக்டர் அளந்து பார்த்துவிட்டு, மடங்குவது நாற்பது டிகிரிதான் என்றார். நிமிர்த்தினாலும் முழுதாக நீளவில்லை. நாற்காலியில் ஒழுங்காக உட்காரவே தொண்ணூறு வேண்டுமாம். "பிசியோதெரபிஸ்ட்தான் மடக்காண்டாம்னு சொன்னா டாக்டர்" என்றாள் அழகம்மை. ஆதிரா அன்றைக்கே புகார் எழுதினாள். தப்பான ஆலோசனை சொல்லிவிட்டுப் பாதியில் ஓடிவிட்டாள் என்று எழுதினாள். எழுதியதை எனக்குக் காட்டினாள். ஓர் எழுத்துப் பிழை இருந்தது, திருத்திக் கொடுத்தேன்.

ஷிஜியை நீங்கள் வேலையிலிருந்து நிறுத்திவைத்த விவரம் எனக்குப் பிறகுதான் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வந்தாள். ஆதிராதான் கதவைத் திறந்தாள்.

கட்டிலிலிருந்து அழகம்மை பார்த்தாள். "நீ குவைத்துல இல்லியா மக்கா?"

"குவைத்தா? நான் எங்கயும் போகல்ல டீச்சர். அங்கிள்தான் வராண்டாம்னு மெசேஜ் போட்டாங்க."

போனை நீட்டினாள். அழகம்மை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பரீட்சைத் தாள் திருத்துவதுபோல மூன்று செய்திகளையும் மேலிருந்து கீழாக வாசித்தாள். தேதியைப் பார்த்தாள். மறுபடி வாசித்தாள். பிறகு ஷிஜியின் கையைப் பிடித்து, "பிள்ளை, ஒனக்க பொழைப்பில நாங்க மண்ணள்ளிப் போட்டுட்டமே" என்றாள். ஆதிரா என்னென்னவோ கத்தினாள். அது எதுவும் எனக்கு ஞாபகமில்லை. அழகம்மை கத்தவில்லை.

எல்லோரும் வெளியே போனபிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நான் எந்திரிச்சு நடந்தா ஒங்களுக்கு என்னா போச்சு?"

கேள்வியே எனக்குச் சரியாகப் புரியவில்லை.

மறுநாள் கார் வந்தது. ரெஜிலா டீச்சர் காலைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, பின்சீட்டில் நீட்டிப் படுக்கவைத்துக் கொச்சிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இன்னொரு ஆபரேஷன் செய்து, முட்டுக்குள் பிடித்துப்போன ஒட்டுகளை அறுத்து விடுவார்களாம். எழுபது கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னாராம். அதற்கு முன்னால் அந்தத் தீம் பார்க்குக்கும் போய்வந்துவிட்டார்கள். ரெஜிலா டீச்சர் யாருக்கோ அனுப்பிய படம் சுற்றி என் போனுக்கும் வந்தது. சக்கர நாற்காலியில் நீல உடை போட்டு, காலை முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தலைமேல் தண்ணீர் கொட்டுகிறது. சிரிக்கிறாள். அன்று செவ்வாய்க்கிழமை. என் யோசனைதான்.

ஆகவே, ஷிஜிமேல் ஒரு தப்பும் கிடையாது. அந்தப் பெண்ணைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். தெரிந்தேதான் செய்தேன், எல்லாவற்றையும் நானேதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டினால் போட்டுவிடுகிறேன். போலீசுக்கு அனுப்புவதானாலும் அனுப்புங்கள். ஆனால் கேஸ் நீளாது என்று நினைக்கிறேன். அழகம்மை என்மேல் புகார் கொடுக்கமாட்டாள். இனி கொட்டாரத்துக்கு வரப்போவதில்லை என்று ஆதிராவிடம் சொல்லியிருக்கிறாளாம். கோபத்தில் சொல்வது. வந்துவிடுவாள். அந்தக் காலை வைத்துக்கொண்டு அவள் எங்கே போய்விடப் போகிறாள்?